ஜன்னலை அடைத்தவன்

லோகநாதன் வீட்டு கீசர் எப்போது கெடும் என்று பத்து மாதமாகக் காத்திருந்தேன். கெடாமல் போகாது என்று தெரியும். காட்டுப்பாக்கத்துப் போர் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து வைத்தால் மறுநாள் அடியில் உப்பு வெள்ளையாகப் படிந்திருக்கும். அந்தத் தண்ணீர் ஓடுகிற கேஸ் கீசர் ஒரு வருஷம் மெக்கானிக்கைக் கூப்பிடாமல் ஓடினால் அதிசயம். உறவும் தெருவும் போலீசும் என் பக்கம் நிற்காதபோது அந்த உப்பு ஒன்றுதான் என் பக்கம் நின்றது.

என் பெயர் ஏகாம்பரம். சென்னீர்குப்பத்தில் இருக்கிறேன். பூந்தமல்லியிலிருந்து அம்பத்தூர் வரைக்கும் பதினாறு வருஷமாக கேஸ் கீசர் சர்வீஸ் செய்கிறேன். ஒரு நாளைக்கு ஏழெட்டு வீடு. பேட்டரி செல் மாற்றுவது, பில்டர் கழுவுவது, ரப்பர் டயாபிரம் மாற்றுவது, பர்னரில் கரி தட்டுவது. வேலையில் நான் கொஞ்சம் திமிர் பிடித்தவன்தான், ஒத்துக்கொள்கிறேன். மற்ற மெக்கானிக்குகள் கீசருக்கு வெளியே பளபளப்பாக ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போவார்கள். நான் முன் மூடியைக் கழற்றி அதன் உள்பக்கத்தில் பச்சை மார்க்கரில் பெயர், மாதம், என்ன கோளாறு, என்ன செய்தேன் என்று எழுதிவிட்டுத்தான் மூடுவேன். அடுத்து வருகிறவனுக்கு அது உதவும். செய்த வேலைக்குப் பெயர் போடாதவன் திருடன் என்று டீக்கடையில் உட்கார்ந்து ஊருக்கே பாடம் நடத்தியிருக்கிறேன்.

லாவண்யா என் ஒரே தங்கை. பாண்டியன் என்ற பையனை விரும்பினாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை, வீடு ஆவடியில், எங்கள் ஆட்கள் இல்லை. அம்மா பாதி மனசாக இருந்தாள். நான்தான் முடியவே முடியாது என்று நின்றேன். ஆவணி மாதம் இரண்டு பேரும் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டார்கள். நான் போகவில்லை. கார்த்திகையில் காட்டுப்பாக்கத்தில் மாடி போர்ஷன் ஒன்று பார்த்துக் குடிவந்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து வண்டியில் பத்து நிமிஷம். அங்கேயும் நான் போகவில்லை. வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு.

மார்கழி கடைசியில், தலைப்பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது, காலையில் குளிக்கப் போனவள் வெளியே வரவில்லை. பாண்டியன் கதவை உடைத்துத் தூக்கியபோது உடம்பில் சூடு இருந்ததாம். ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் இறக்கியபோது அதுவும் இல்லை.

கார்பன் மோனாக்சைடு என்று ரிப்போர்ட் வந்தது. அதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கீசர் எரியக் காற்று வேண்டும். காற்று வரவும் புகை போகவும் வழியில்லாவிட்டால் அந்தப் புகை விஷமாக மாறும். வாசனை இருக்காது, கண் எரியாது. தலை சுற்றும், உட்காரத் தோன்றும், அவ்வளவுதான். அந்த பாத்ரூமில் இருந்த ஒரே ஜன்னலை யாரோ தெர்மாகோல் வெட்டி வைத்து, நாலு பக்கமும் பிரவுன் டேப் போட்டு, ஈ நுழைய இடமில்லாமல் அடைத்திருந்தார்கள்.

யார் அடைத்தது? கேள்வி இவ்வளவுதான். நாங்கள் குடிவரும்போதே அப்படித்தான் இருந்தது என்றான் பாண்டியன். நான் வீட்டைக் கொடுக்கும்போது ஜன்னல் ஜன்னலாகத்தான் இருந்தது என்றார் வீட்டுக்காரர் லோகநாதன். புருஷன் பேச்சை யார் நம்புவார்கள்? லோகநாதன் பரம்பரையாகக் காட்டுப்பாக்கத்துக்காரர், நிலம் வைத்திருந்த குடும்பம், ரிடையர் ஆன மனிதர். போலீஸ் விபத்து என்று எழுதி மூடியது. தெருவுக்கு அது போதவில்லை. முந்தின நாள் லாவண்யா போனில் யாரிடமோ அழுததைப் பக்கத்துப் போர்ஷனில் கேட்டிருக்கிறார்கள். தலைப்பொங்கலுக்கு அண்ணன் சீர் கொண்டுவர மாட்டான், என் கதி இப்படி ஆகிவிட்டதே என்று அழுதாளாம். அப்புறம் என்ன, கதை தானாக நடந்தது. சீர் வராத துக்கத்தில் அவளே ஜன்னலை அடைத்துக்கொண்டு செத்தாள். கீசர் மெக்கானிக் தங்கைக்கு இது தெரியாதா என்று ஒரு கேள்வி வேறு. தெரியாது. என் வீட்டில் கீசரே கிடையாது. பதினாறு வருஷமாக ஊருக்கெல்லாம் வெந்நீர் வரவழைத்தவன் வீட்டில் அடுப்பில் அண்டா வைத்துத்தான் குளித்தோம்.

அம்மா பெயர் பொன்னம்மாள். சந்தைக்குப் போனால் நாலு பேரை நிறுத்திப் பேசாமல் வீடு திரும்பாதவள். லாவண்யா போன பிறகு அவள் நடந்தால் பேச்சு நின்றது. ஒரு கல்யாணத்துக்குப் போனாள். தாலி தொட்டுக் கொடுக்கும் தட்டு அவள் முன்னால் வராமல் சுற்றிப் போனது. தற்கொலை நடந்த வீடு. வீட்டுக்கு வந்து புடவையைக்கூட மாற்றாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அன்றைக்குத்தான் நான் லோகநாதனை விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

முதலில் எனக்கு வந்த யோசனையை மறைக்காமல் சொல்கிறேன். பாண்டியன் வீட்டைக் காலி செய்தபோது லோகநாதன் அதே கீசரைக் கழற்றித் தன் பாத்ரூமில் மாட்டிக்கொண்டிருந்தார். புதிதாக ஒன்று வாங்க மனசு வரவில்லை. அவர் வீட்டுக்குள் போய் அவருடைய ஜன்னலையும் அதே தெர்மாகோல், அதே பிரவுன் டேப் போட்டு அடைக்க வேண்டும் என்று நினைத்தேன். வெறுமனே நினைக்கவில்லை, டேப் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் திரிந்தேன். அதைப் பார்த்துவிட்டு அம்மாதான் கேட்டாள்.

"அவன் செத்துட்டா எவன்டா வந்து சொல்லுவான், எம்பொண்ணு தானா சாவலன்னு? அவன் உசுரு எனக்கு வாணாம். அவன் வாயி வேணும். நாந்தான் அடச்சேன்னு அவன் வாயால சொல்லணும், அத நான் காதால கேக்கணும்."

டேப்பைக் கூவத்தில் வீசினேன். பூந்தமல்லியில் கீசர் ஸ்பேர் கடை வைத்திருக்கும் முகமது ஆசிக்கிடம் போனேன். இந்த வட்டாரத்தில் மெக்கானிக் வேண்டுமென்றால் அவர் கடைக்குத்தான் போன் வரும். லோகநாதன் பெயரும் தெருவும் எழுதிக் கொடுத்து, இந்த வீட்டிலிருந்து கால் வந்தால் வேறு யாருக்கும் தரக்கூடாது என்றேன். பாய் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கேள்வி கேட்காமல் கல்லாவுக்கு மேலே ஒட்டினார். ஐப்பசி முதல் மழை பெய்து இரண்டாம் நாள், காலை பதினோரு மணிக்குப் போன் செய்தார்.

"ஏகாம்பரம், உன் காட்டுப்பாக்கம் பார்ட்டி. கீசர் எரிஞ்சு எரிஞ்சு அணையுதாம்."

பாண்டியனுக்குச் சொன்னேன். தங்கை உயிரோடு இருந்தவரை நான் ஒரு வார்த்தை பேசாத மனிதன் அவன். அவள் செத்த பிறகு வாரம் ஒருமுறை இரண்டு பேரும் டீ குடித்தோம். அவனுக்கும் என்னைப் போலவே வயிற்றெரிச்சல்தான். பெண்டாட்டியைச் சரியாக வைத்திருந்தால் ஏன் சாகிறாள் என்று அவன் காதுபடவே பேசியிருக்கிறார்கள். அரை நாள் லீவு போட்டு, அம்மாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். லோகநாதன் வீட்டுத் தெருமுனையில் ஆட்டோ நின்றது. அங்கிருந்து பாண்டியன் என் போனுக்கு அடித்தான். எடுத்து, ஆன் செய்தபடியே சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அந்தப் பக்கம் அவன் ஸ்பீக்கர் போட்டு, பேச்சைப் பதிவும் செய்தான். திட்டம் இதுதான்.

லோகநாதனுக்கு என் முகம் தெரியாது. அவர் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை, நான் அந்தத் தெருவுக்கு வந்ததில்லை. கதவைத் திறந்தவருக்கு எழுபதை நெருங்கும் வயது, வெள்ளை பனியன், நெற்றியில் விபூதி. நான் நினைத்திருந்த மாதிரி மீசை முறுக்கிய ஆளாக இல்லை. அது எனக்கு எரிச்சலாக இருந்தது.

"வாப்பா. மழைல வந்துகினு கீற. மொதல்ல தலைய தொடச்சிக்கோ," என்று ஒரு துண்டை நீட்டினார். "ஊட்ல அவ இல்ல, பொண்ணு ஊட்டுக்குப் போயிட்டா. டீ வெக்கிறேன்."

"டீ வாணாம் சார். கீசர் எங்க கீது?"

அந்த ஆள் வீட்டு டீ என் தொண்டையில் இறங்காது. துண்டையும் வாங்கவில்லை. ஈரத் தலையோடு பாத்ரூமுக்குள் போனேன்.

சுவரில் அது தொங்கியது. வெள்ளைப் பெட்டி, முன்பக்கம் இரண்டு திருகு குமிழ், கீழே சின்ன ஜன்னல் மாதிரி ஒரு கண்ணாடி. என் தங்கை கடைசியாகப் பார்த்த பொருள் இதுவாகத்தான் இருக்கும். அதன் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் ஜன்னலைப் பார்த்தேன். அதைப் பார்த்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது.

ஜன்னலில் ஒரு கண்ணாடிப் பட்டைகூட இல்லை. எல்லாவற்றையும் உருவி எடுத்திருந்தார். கொசுவலையும் இல்லை. மழைச்சாரல் நேராக உள்ளே அடித்தது. காட்டுப்பாக்கத்தில் கொசு ஆளைத் தூக்கிக்கொண்டு போகும், அங்கே ஒரு மனிதன் வலைகூட இல்லாமல் ஜன்னலைத் திறந்து போட்டிருக்கிறான். மாடியில் அடைத்தவன் கீழே திறந்து வைத்திருக்கிறான். அப்படியென்றால் எது கொன்றது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

"கொசு வராதா சார்?" என்று கேட்டேன்.

"வந்தா வரட்டும்பா."

வேலையைத் தொடங்கினேன். வேலை செய்கிற மாதிரி நடிக்க முடியாது, கை தானாக வேலை செய்துவிடும். செல்லைக் கழற்றிப் பார்த்தேன், புதிதுதான். குழாயைத் திறந்தேன். டிக் டிக் என்று பொறி விழுந்தது, பர்னர் பற்றியது, இரண்டு நிமிஷம் எரிந்து அணைந்தது. தண்ணீர் நூல் மாதிரி வந்தது. தண்ணீர் அழுத்திக்கொண்டு வந்தால்தான் கேஸ் திறந்தே இருக்கும், அழுத்தம் குறைந்தால் மூடிக்கொள்ளும். தண்ணீர் நுழைகிற இடத்தில் இருக்கும் பில்டரைக் கழற்றினேன். உப்பு கல்லாக அடைத்துக்கொண்டிருந்தது. கோளாறு அவ்வளவுதான். பிரஷ் போட்டுக் கழுவினால் ஐந்து நிமிஷ வேலை.

பில்டரைக் கைக்குள் மூடிக்கொண்டேன். பத்து மாதமாகப் படுக்கையில் புரண்டு புரண்டு ஒத்திகை பார்த்த வாக்கியத்தை எடுத்து விட்டேன்.

"காத்து சார். காத்து உள்ள அடிக்கிது, அதான் நெருப்பு நிக்க மாட்டுது. இந்த ஜன்னல ஒரு தெர்மாகோல் வெச்சு டேப் போட்டு அடச்சிட்டா பிரச்சன தீந்துது."

லோகநாதன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"அதெல்லாம் வாணாம்பா."

"இன்னா சார், எல்லா ஊட்லயும் அப்டிதான் பண்றோம்."

"ஜன்னல் அப்டியே கெடக்கட்டும். நீ வேற எதுனா பாரு."

"வேற ஒண்ணும் இல்ல சார். ஜன்னல அடைக்கலன்னா இது எரியாது. நான் கெளம்புறேன்." ஸ்பேனரை எடுத்துப் பைக்குள் போட்டேன். "அடைக்க இன்னா பயம் உங்களுக்கு?"

அவர் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். நான் பையைத் தோளில் மாட்டினேன். மாட்டிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தேன். மீன் தூண்டிலைக் கடிக்கும்வரை மூச்சு விடக்கூடாது என்று எனக்குத் தெரியும். கூவம் பக்கத்தில் வளர்ந்தவன் நான்.

"இருப்பா," என்றார். "நீ இன்னும் நாலு ஊட்டுக்குப் போறவன். உங்கிட்ட சொல்லிடறேன், எவன் ஊட்லயும் இத சொல்லாத. மேல போர்ஷன்ல ஒரு பொண்ணு இருந்துச்சி. கல்யாணம் ஆயி நாலு மாசம். குளிக்கப் போச்சி, அப்டியே போயிடுச்சி. ஜன்னல அடச்சி வெச்சிருந்ததால."

"அந்தப் பொண்ணு ஏன் சார் அடச்சிது?"

கேட்கும்போது என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. சட்டைப் பையில் போன் சூடாக இருந்தது.

"அது அடைக்கலப்பா." அவர் கதவு நிலையைப் பிடித்தபடியே குந்தி உட்கார்ந்தார். "நாந்தான் அடச்சேன். அவங்க குடி வர்றதுக்கு முன்னாடியே, இந்தக் கையாலதான். போலீசு வந்து கேட்டப்போ கால் நடுங்கிப்போச்சி. அப்டி ஒண்ணு இல்லவே இல்லன்னு சொல்லிட்டேன். அப்பறம் ஊரு ஏதேதோ பேசிச்சி. நான் வாயத் தொறக்கல. தெனமும் மாடிப்படி ஏற முடியல என்னால."

அவ்வளவுதான். பத்து மாதம், ஒரு நிமிஷத்தில் முடிந்தது. எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது, சிரிக்கவும் வேண்டும் போலிருந்தது. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து ஸ்பீக்கரைப் போட்டேன்.

"கேட்டியாம்மா?"

அந்தப் பக்கம் அம்மா அழுகிற சத்தம் வந்தது. லாவண்யா செத்த அன்றுகூட அவள் அப்படி வாய்விட்டு அழவில்லை.

"கேட்டேன்டா. எம்பொண்ணு ஒண்ணும் பண்ணிக்கல. கேட்டேன்."

லோகநாதன் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மெதுவாக அவருக்குப் புரிந்தது.

"நீ..."

"அவ அண்ணன். சீர் கொண்டாராத அண்ணன். நீ வாயத் தொறக்காததால அவளக் கொன்னவன்னு ஊரு சொல்ற அண்ணன்." மரியாதை எல்லாம் போய்விட்டது, போகட்டும் என்று விட்டேன். "பத்து மாசமா எங்கம்மா தெருவுல நடக்கல. கொசுக்கடி வாங்கிகினா உன் பாவம் தீந்துடுமா? வர்றியா ஸ்டேஷனுக்கு? இல்ல உன் தெருவுல எல்லாரையும் கூட்டட்டுமா?"

"வர்றேம்பா. எங்க கூப்புட்டாலும் வர்றேன். யார் முன்னாடி வேணும்னாலும் சொல்றேன்." அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடு எனக்கு இனித்தது. பொய் சொல்வானேன், தேன் மாதிரி இனித்தது. காலில் விழுந்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் விழவில்லை. வேறு ஒன்று சொன்னார்.

"மறைச்சது என் தப்பு. ஆனா அடைக்கணும்னு எனுக்கா தோணலப்பா. ஒரு மெக்கானிக்தான் சொன்னான். இங்க பழைய ஊட்ட இடிச்சிக் கட்டுறவரைக்கும் நாங்க கொரட்டூர்ல வாடகைக்கு இருந்தோம், ஏரிக்கு எதுர்ல. இதே கீசர்தான். ஏரிக் காத்துல நெருப்பு அணஞ்சிகினே இருந்துச்சி. அவன் வந்து பாத்துட்டு, தெர்மாகோல் வெச்சு அடச்சிடு சார், பிரச்சன தீந்துதுன்னான். இப்போ நீ சொன்ன பாரு, அதே மாதிரி. அங்க பாத்ரூம் கதவுக்குக் கீழ அரை அடி சந்து இருந்துச்சி, ஒண்ணும் ஆவல. இங்க ஊடு கட்டிகினு வந்தப்போ மாடில இத மாட்டுனேன். அவன் சொன்னான்னு மொதல் வேலையா ஜன்னல அடச்சேன். தெரிஞ்சவன் சொல்றான், நல்லதுக்குத்தான் சொல்லுவான்னு நெனச்சேன்."

எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. இன்னொருத்தன் இருக்கிறான். இந்தக் கிழவன் கையெடுத்துக் கும்பிட்டுத் தப்பை ஒத்துக்கொண்டுவிட்டான், இவனை இனி என்ன செய்வது என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் அந்த மெக்கானிக், தொழில் தெரிந்து, வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு, வண்டியை உதைத்துக்கொண்டு போனவன். அவன் எங்கேயோ நிம்மதியாகத் தின்றுகொண்டிருப்பான். அவனை நான் சும்மா விடப்போவதில்லை. இந்த வட்டாரத்தில் ஒரு ஸ்க்ரூ திருக விடமாட்டேன்.

அம்மாவும் அதையேதான் நினைத்திருக்கிறாள். போனில் அழுகை நின்றது.

"யாருடா அந்தப் பாவி? கேளு. அவனையும் உட்றாத ஏகா."

"யாரு அவன்? பேரு இன்னா?" என்று கேட்டேன்.

"மூஞ்சி தெரியாதுப்பா. கொரோனா நேரம், மாஸ்க் போட்டுகினு இருந்தான். நம்பரும் இல்ல." லோகநாதன் கீசரைக் காட்டினார். "ஆனா வேலை முடிச்சிட்டு மூடிக்கு உள்பக்கம் ஏதோ எழுதுனான். நான் பக்கத்துல நின்னு பாத்தேன். பேரு கூடப் போட்டான். கயட்டிப் பாரு, இருக்கும்."

பையைக் கீழே வைத்தேன். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். மூடிக்கு உள்ளே எழுதுகிறவர்கள் இந்தப் பக்கம் எத்தனை பேர் என்று மனசு கேட்டது. யாராவது ஒருத்தர் என்னைப் பார்த்து எழுதக் கற்றிருக்கலாம் என்று நானே பதில் சொன்னேன்.

மூடிக்கு நாலு ஸ்க்ரூ. மேலே இரண்டும் கம்பெனி ஸ்க்ரூ, துரு ஏறியிருந்தது. கீழே இடது பக்கமும் அப்படித்தான். வலது பக்கம் மட்டும் பித்தளை. ஸ்க்ரூ தொலைந்த இடத்தில் கிடைத்த இரும்பைத் திருகிவிட்டுப் போகிறவன் நானில்லை. துருப்பிடிக்காது என்று பித்தளைதான் போடுவேன். அதற்கென்றே பையில் ஒரு டப்பா வைத்திருக்கிறேன். அந்த ஸ்க்ரூவைத் திருகும்போது கொரட்டூர் ஏரி ஞாபகத்துக்கு வந்தது. வீடு வரவில்லை, மனிதர் வரவில்லை. மாஸ்க்குக்குள் என் மூச்சே என் கண்ணாடியில் ஆவியாகப் படிந்ததும், மதியம் இன்னும் மூன்று வீடு பாக்கி என்று அவசரப்பட்டதும் மட்டும் வந்தது. ஒரு நாளைக்கு எட்டு வீடு. எந்த வீட்டில் என்ன சொன்னேன் என்று யார் கண்டது?

மூடி கையோடு வந்தது. உள்பக்கம் முழுக்கக் கரி. கட்டை விரலால் துடைத்தேன். முதலில் பச்சையாக ஒரு கோடு தெரிந்தது. அப்புறம் எழுத்து தெரிந்தது.

என் கையெழுத்து அழகாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் அதற்கு மட்டும்தான் பாராட்டு வாங்கியிருக்கிறேன்.

லோகநாதன் எட்டிப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார்.

"கண்ணாடி கூடத்துல கீது. எனுக்குத் தெரியலப்பா. நீயே படி."

என் இடது கையில் பெயிண்ட் தின்னர் நனைத்த துணி இருந்தது. கரி துடைக்க எப்போதும் வைத்திருப்பேன், பழக்கத்தில் அதையும் எடுத்திருக்கிறேன். மார்க்கர் மையைத் தின்னர் ஒரே இழுப்பில் எடுத்துவிடும். அழிந்துபோச்சு சார், ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னால் முடிந்தது. வேண்டியது கிடைத்துவிட்டது. தங்கை பெயர் சுத்தமாகிவிட்டது, அம்மா நாளைக்குத் தெருவில் நடப்பாள். லோகநாதன் ஸ்டேஷனுக்கு வருவார். யாருக்கும் எதுவும் குறையாது. துணியை மூடி வரைக்கும் கொண்டுபோனேன்.

"மச்சான், பேரு இருக்கா?" போனில் பாண்டியன் கேட்டான். தங்கை புருஷன் முறையாக என்னை மச்சான் என்று கூப்பிட ஆரம்பித்தே ஆறு மாதம்தான் ஆகிறது. "இருந்தா படிங்க. இன்னிக்கே அவன் ஊட்டுக்குப் போலாம். ஆட்டோ இங்கதான் நிக்குது."

"படிடா," என்றாள் அம்மா. "எங்கண்ணால அவன் மூஞ்சியப் பாக்கணும்."

மழை ஜன்னல் வழியாக என் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. லோகநாதன் குந்தியபடியே என் வாயைப் பார்த்தார். பத்து மாதமாக நான் அவர் வாயைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளதைச் சொல்ல முடியாமல் கால் நடுங்கிப்போச்சு என்று அவர் சொன்னபோது எனக்கு அந்த ஆள்மேல் அருவருப்பாக இருந்தது. இப்போது என் காலைப் பார்த்தேன். நிற்கவில்லை, நடுங்கியது. அருவருப்பு அப்படியேதான் இருந்தது, ஆள்தான் மாறியிருந்தது.

துணியைக் கீழே போட்டேன். போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

"ரெண்டாம் மாசம், இருபத்தொண்ணு," என்று படித்தேன். "காத்துல அணையுது. ஜன்னல் அடைக்கச் சொல்லியாச்சு."

"தேதி கெடக்குது. பேரு?"

"ஏகா."

"இன்னாடா?"

"பேரு அதாம்மா. ஏகான்னு போட்டுக்கீது."

"எந்த ஏகாடா?" என்று கேட்டாள் அம்மா.

லோகநாதன் எழுந்து நின்றார். சொன்னேன். ஆட்டோ நிற்கிற இடத்திலேயே நிற்கட்டும், நானே வருகிறேன் என்றும் சொன்னேன்.